ஆறு முறை மன்னித்தவள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

விசா வந்துவிட்டது. கூரியர்காரர் மாடி ஏற மாட்டேன் என்று கீழேயிருந்தே கூப்பிட்டார். நான் இறங்கிப் போக ஐந்து நிமிடம் ஆயிற்று. இடது தொடையில் கம்பி வைத்ததிலிருந்து எனக்கும் படிக்கட்டுக்கும் ஆகாது. ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு. "கால் சரியில்லன்னு சொல்லிருந்தா நானே வந்திருப்பேனே மேடம்" என்றார். எங்கே சொல்வது? விலாசத்துக்குக் கீழே எழுதிவைக்கவா?

நான்கு வாரம். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா என்ற பகுதி. காலையில் மொழி வகுப்பு. ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கல். முடிவில் ஜூலை 29 அன்று ஒரு சின்ன ஊரின் திருவிழா. சாவின் வாசல்வரை போய்ப் பிழைத்து வந்தவர்கள் அன்றைக்குத் திறந்த சவப்பெட்டியில் உயிரோடு படுத்துக்கொள்வார்களாம். வீட்டு மனிதர்கள் தோளில் தூக்கி ஊர்வலம் போவார்கள். காப்பாற்றிய புனிதைக்கு அதுதான் நன்றி.

கண்டுபிடித்தது நான் இல்லை, ருக்சார். தி.நகரில் ஸ்பானிஷ் வகுப்பு முடிந்து கரும்புச்சாறு குடிக்கும்போது ஃபோனில் காட்டினாள். "பாரேன், பொட்டிக்குள்ள படுத்துக்கினு ஒரு பொம்பள விசிறிக்கினு கீது. நாம போறோம்." நாம் என்றாள். இப்போது ஒரு டிக்கெட்தான் வாங்கியிருக்கிறேன்.

அம்மாவிடம் திருவிழா என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சவப்பெட்டி என்று சொல்லியிருந்தால் வீட்டில் எல்லோரும் இந்நேரம் தலைக்குக் குளித்திருப்பார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

பக்ரீத்துக்கு மறுநாள். ஊருக்குப் போவதைச் சொல்லிக்கொள்ள ஜாம்பஜாரில் ருக்சார் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்கலாம். ஆனால் போகாமல் இருக்கவும் முடியவில்லை.

அவள் அம்மா நஸ்ருன்னிசா. நானும் ருக்சாரைப் போல அம்மி என்றுதான் கூப்பிடுவேன். எனக்காகத் தனியாக எடுத்துவைத்த சேமியாப் பாயசத்தை, அவர்கள் சொல்லும் ஷீர் குர்மாவைக் கொடுத்தார். என் காலைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் முதலில் காலைத்தான் பார்ப்பார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அதையே கேட்டார்.

"பயணம் போற. அதுக்கு முன்னாடி இன்னொரு தபா சொல்லிட்டுப் போம்மா. எம் பொண்ணு வண்டிய தாறுமாறா ஓட்டி உன் கால ஒடச்சிட்டா. மனசால மாஃப் பண்ணிட்டேன்னு சொல்லு. நீ மாஃப் பண்ணாதான் அவ கபர்ல நிம்மதியா இருப்பா."

அவர்கள் வழக்கம் அது. இறந்தவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால், பாதிக்கப்பட்டவர் மன்னிக்கும்வரை அது இறந்தவரின் கணக்கில் நிற்கும். பெற்றவள் வாசல் வாசலாகப் போய்க் கேட்க வேண்டும். இவருக்கு ஒரே வாசல்தான், நான்.

"பண்ணிட்டேன் அம்மி" என்றேன்.

அவள் அப்பா ஷரஃபுதீன் பாய் கூடத்தில்தான் இருந்தார். வண்டி சீட்டுக்குக் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறவர். அடையாறு பாலம் தாண்டி வண்டி எடுக்காதே என்று மகளிடம் சொல்லியிருந்தாராம். அடக்கத்தன்று மண் போட்டதோடு சரி. அதன்பிறகு அவளை அடக்கிய ராயப்பேட்டை கபரஸ்தான் பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை. அவள் பெயரையும் சொல்வதில்லை. "பெரியவ" என்பார்.

தங்கை ஆயத் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். அடையாறில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அனுப்ப மாட்டேன் என்கிறாராம். "பெரியவள படிக்க வுட்டு, வேலைக்கு வுட்டு, வண்டி வாங்கிக் குடுத்து, இன்னா ஆச்சி? இவ வூட்லயே இருக்கட்டும்."

ஷீர் குர்மா ஆறிப்போயிருந்தது. முழுக் கிண்ணத்தையும் குடித்தேன்.

ஜூன் 9, திங்கள்

எண்ணிப் பார்த்தேன். இதோடு ஆறு முறை மன்னித்திருக்கிறேன்.

ஜூன் 21, சனி

தி.நகரில் வகுப்பு. ஆசிரியர் சிதம்பரநாதன் எல்லோரையும் எண்களைச் சொல்லவைத்தார். நூறுவரை. நான் வெளியே வந்து கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டேன். நாற்பத்து மூன்றுக்கு மேல் ஸ்பானிஷில் எண்கள் எனக்கு வேண்டாம்.

எழுதிவிடுகிறேன். பதினேழு மாதமாக இந்த நோட்டில்கூட எழுதவில்லை. யாருக்குப் பயந்து? அம்மா என் நோட்டைத் தொடமாட்டாள். தொட்டாலும் அவளுக்குத் தெரியாத செய்தியா?

வண்டியை ஓட்டியது நான்.

போன வருடம் ஜனவரி 21, ஞாயிறு, காலை ஆறேகால். பாலவாக்கம். வண்டி ருக்சாருடையது. எனக்கு எல்.எல்.ஆர். வாங்கி ஒன்பது நாள். "ரோடு காலியா கீது, நீ ஓட்டு" என்று இறங்கிப் பின்னால் உட்கார்ந்தாள். இருந்தது ஒரே ஹெல்மெட். தலையிலிருந்து கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். "ஓட்டறவங்களுக்குத்தான் வேணும்." எனக்குப் பயம், வண்டியை நகர்த்தவில்லை. அதனால் இடது காதுக்குப் பின்னாலிருந்து ஸ்பானிஷில் எண்ணத் தொடங்கினாள். ஊனோ, தோஸ், த்ரெஸ். நூறு வரும்வரை ஒரே வேகத்தில் போ என்றாள். வளைவில் ரோட்டில் கடல் மணல் கிடந்தது. நான் முன் பிரேக்கைப் பிடித்தேன். குவாரெந்தா இ த்ரெஸ். நாற்பத்து மூன்று.

மீன் ஏற்ற வந்தவர்கள் ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

போலீஸ்காரர் என் கட்டிலருகே வந்து "யாரும்மா ஓட்டினது?" என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொன்னார். "அந்தப் பொண்ணோட வண்டி சார். அவதான் ஓட்டினா." நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கம் என்று நினைத்தார்கள். மயக்கம் இல்லை. மூன்று நாள் கழித்துத் தெளிந்த புத்தியோடு கையெழுத்துப் போட்டேன். ஓட்டியவர் இறந்துவிட்டார் என்று கேஸை மூடினார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு மனுஷியை மறைத்தேன்.

அன்றிலிருந்து அந்தக் குரல் பின்னாலேயே இருக்கிறது. பேய் பிசாசு என்றெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் தெருவில் தனியாக நடந்தால் எண்ணிக்கை தொடங்கும். நாற்பத்து மூன்றில் நிற்கும். திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஜூலை 5, சனி

அம்மா புளிக்காய்ச்சல் பாட்டில் இரண்டு வைத்திருக்கிறாள். "அங்கெல்லாம் ஆக்டோபஸ் திம்பாளாமே, ஜாக்கிரதையா இருந்துக்கோ" என்றாள். ஆக்டோபஸ் என்னைத் தின்றுவிடும் என்பதுபோல. அப்பா பெட்டியைக் கீழே இறக்கிவைத்தார். "போய்ட்டு வா. மனசுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவரும் நானும் அந்தக் கட்டிலுக்குப் பிறகு முகம் பார்த்துப் பேசிக்கொள்வதில்லை.

ஜூலை 9, புதன்

வந்து சேர்ந்தேன். பச்சை, மழை, கல் வீடுகள். வீட்டுக்காரி பிலார், என்னைவிடப் பத்து வயது பெரியவள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவன் சூசோ, கொஞ்சம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். பெரிய சத்தமான மனிதன். நான் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்றதும், "மீன்?" என்றான். இல்லை. "அப்போ எதற்காக உயிரோடிருக்கிறாய்?" என்று சிரித்தான். அவனுக்குத் தெரியாமல் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டான்.

ஜூலை 16, புதன்

பிலார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். சின்னக் கல் கோயில். உள்ளே ஒரு மேஜை நிறைய மெழுகில் செய்த உறுப்புகள். கை, தலை, மார்பு, குழந்தை. நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து வைப்பார்களாம். எங்கள் ஊரில் வெள்ளியில் தகடு செய்து உண்டியலில் போடுவோம் என்றேன். "நாங்கள் ஏழைகள், மெழுகுதான்" என்றாள். என் நடையைப் பார்த்துவிட்டு ஒரு காலை எடுத்து என் கையில் கொடுத்தாள். இடது கால், முழங்கால்வரை. எதிர்பார்த்ததைவிடக் கனமில்லை. அடிபட்டது தொடையில் என்று சொல்ல எனக்கு ஸ்பானிஷ் போதவில்லை. வாங்கி வைத்துவிட்டுக் கும்பிட்டேன்.

சூசோ போன இலையுதிர் காலத்தில் டிராக்டர் கவிழ்ந்து அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறான். பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேரும் பிலாரும் சேர்ந்து நிமிர்த்தியிருக்கிறார்கள். அந்த நான்கு பேர்தான் இந்த வருடம் அவன் பெட்டியைத் தூக்குவார்கள். காப்பாற்றிய தோளே தூக்கவும் வேண்டும் என்றாள் பிலார். காலின் கதையைக் கேட்டாள். ஸ்கூட்டர், கடற்கரை, என் தோழி இறந்துவிட்டாள், நான் பிழைத்தேன் என்று நான்கு சிறிய வாக்கியங்களில் சொன்னேன். யார் ஓட்டியது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

கெட்டது குடி. பிலார் கோயிலில் எனக்கு ஒரு பெட்டி சொல்லிவைத்திருக்கிறாள். சொந்தப் பெட்டி இல்லாதவர்களுக்குக் கோயிலே கொடுத்து வாங்குமாம். "இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய். செத்துப் பிழைத்தவள். நன்றி சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது" என்றாள். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு கன்னத்தைத் தட்டினாள்.

வேண்டாம் என்று சொல்ல எத்தனை வழி இருக்கிறது? வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

இல்லை, பொய். எனக்கு ஆசையாக இருந்தது. ஒருமுறை அப்படிப் படுத்து எழுந்தால் எல்லாம் கழிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. ருக்சார் ஆசைப்பட்ட திருவிழா, அவளுக்காகவே படுக்கிறேன் என்றுகூடச் சொல்லிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு வக்கீல் வேலையும் பார்க்கிறது.

ஜூலை 28, திங்கள்

"உன்னைக் காப்பாற்றியது யார்? அவர் பெயரைச் சொல்லிப் படுக்க வேண்டும்" என்றாள் பிலார். ருக்சார் என்றேன். "இறந்துபோனவளா?" ஆமாம் என்றேன். ஹெல்மெட்டைச் சொன்னேன். பிலார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூலை 29, செவ்வாய்

கையெழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

காலையிலிருந்து வெயில். வாணங்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. தெருவெல்லாம் கடைகள், ஆக்டோபஸை வேகவைக்கும் செம்புப் பானைகள், பை மாதிரி ஒரு வாத்தியத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசிக்கிறவர்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். ஐந்து. முதலில் சூசோ. படுத்ததும் அந்தச் சத்தமான மனிதன் கப்சிப். கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு ஓரத்திலும் கண்ணீர் வழிந்தது. மூன்றாவது பெட்டி எனக்கு.

உள்ளே வெள்ளைத் துணி. பழைய மர வாசனை. எனக்கு முன்னால் யார் யாரோ படுத்து எழுந்த பெட்டி. படுத்தேன். வானம் மட்டும் தெரிந்தது. பிலாரின் சகோதரர்களும் அவர்கள் நண்பர்களுமாக நான்கு பேர் குனிந்தார்கள். ஒருவன் எண்ணினான். ஊனோ, தோஸ், த்ரெஸ். தூக்கினார்கள்.

அவன் மூன்றோடு நிறுத்தினான். அவள் நிறுத்தவில்லை. இடது காதுக்குப் பின்னாலிருந்து தொடர்ந்தாள். நான்கு, ஐந்து, ஆறு. அதே குரல், அவசரமில்லாமல். தூக்கியவர்களின் மூச்சு கேட்டது. பாட்டுக் கேட்டது. மாடிகளிலிருந்து ஆட்கள் குனிந்து பார்த்துச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். பாவம் இந்தப் பெண், தோழி உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறாள் என்று பிலார் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். முப்பது. முப்பத்தொன்று. இவர்கள் எல்லோரும் யாருக்கு இரக்கப்படுகிறார்கள்? நான் யாருக்கு நன்றி சொல்கிறேன்? அவள் காப்பாற்றினாள் என்று இங்கே சொன்னேன். அவள்தான் வண்டியைக் கவிழ்த்தாள் என்று அங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பது. நாற்பத்தொன்று.

"இறக்குங்கோ" என்று கத்தினேன். தமிழில். பிறகுதான் ஸ்பானிஷ் வந்தது. "கீழே வையுங்கள், தயவுசெய்து கீழே வையுங்கள்."

ஊர்வலம் நின்றது. எனக்கு மயக்கம் என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் பெட்டியிலிருந்து எழுந்து வெளியே வந்தேன். கால் தடுக்கி முழங்காலில் விழுந்தேன். தண்ணீர் கொண்டுவந்தவள் தாங்கிப் பிடித்தாள். அந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள். தூக்கியதைப் பாதியில் விட்டுப்போக முடியாதாம். கோயிலைச் சுற்றிக் கொண்டுபோய் வைத்தே ஆக வேண்டுமாம்.

வெறும் பெட்டி தோளில் போயிற்று. நான் பின்னால் நொண்டிக்கொண்டே போனேன். முன்னால் போவது அவள் பெட்டி என்று பாதி தூரத்தில் தோன்றிவிட்டது. அவள் அடக்கத்துக்கு நான் போகவில்லை. அன்று எனக்கு ஆபரேஷன். இன்றைக்குத்தான் போனேன்.

ஜூலை 30, புதன்

பிலார் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். வண்டி ஓட்டியது நான். போலீஸிடம் அவள் என்று சொன்னேன். அவள் அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் கொடுக்கிறேன்.

பொய் சொல்வதற்கும் ஒரு மொழி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சுற்றி வளைக்கவோ அழகுபடுத்தவோ முடியாது. நடந்ததை மட்டும்தான் சொல்ல முடியும்.

பிலார் கத்தியை வைத்துவிட்டாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். கட்டிக்கொள்ளவில்லை. "நேற்று என் அண்ணன்களின் தோளில் பொய்யை ஏற்றினாய்" என்றாள். கோபம்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இதை எதற்கு என்னிடம் சொல்கிறாய்? நான் அவளைப் பெற்றவளா?" என்றாள். மறுபடி கத்தியை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். மிச்சக் கிழங்கை நானும் உரித்தேன். அதற்குமேல் பேசவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மயிலாப்பூர். அம்மா கேட்டாள், திருவிழா எப்படி இருந்தது? கூட்டம் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அப்பாவிடம் சொன்னேன், உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. பேப்பரை மடித்து வைத்தார்.

"முடிஞ்சுபோன விஷயம் ரஞ்சனி. இப்போ சொன்னா அவா பொண்ணு திரும்பி வந்துடுவாளா?"

"வரமாட்டா. ஆனா அவ அப்பா அவகிட்ட போவார்."

"உன்னைக் கோர்ட்டுக்கு இழுப்பா. லைசென்ஸ் இல்லாம ஓட்டிருக்கே. பொய் வாக்குமூலம் வேற. நானும் சேர்ந்து மாட்டிப்பேன், அதப்பத்தி எனக்குக் கவலை இல்ல. நீ..." மடித்த பேப்பரை மறுபடி மடித்தார். "அன்னிக்கு நீ ரத்தமாக் கிடந்தே. போலீஸ் வேற வந்து நின்னுண்டு இருந்தான். வேற ஒண்ணும் தோணலை."

அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அம்மா சமையலறையிலிருந்து வரவே இல்லை. குழாய் மட்டும் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனேன். ஷரஃபுதீன் பாய் கடைக்குப் போயிருந்தார். ஆயத்தும் அம்மியும் இருந்தார்கள். அம்மி என் கால் எப்படியிருக்கிறது என்று கேட்டார். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும். ஹெல்மெட்டையும் மணலையும் கட்டிலையும் கையெழுத்தையும்.

அம்மி அழவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ எம் பொண்ணு உனக்கு இன்னா பண்ணா, நீ மாஃப் பண்றதுக்கு?"

"ஒண்ணும் பண்ணல அம்மி."

"நான் உன் கையப் புடிச்சிக் கேட்டேன். ஆறு தபா கேட்டேன். நீயும் குடுத்தியே."

அவரும் எண்ணியிருக்கிறார்.

காலில் விழப்போனேன். நகர்ந்துகொண்டார். என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? கேட்டேன்.

"அது என்னாண்ட இல்ல. அவளோட ஹக்கு, அவளோட உரிம அது. அவதான் குடுக்கணும். அவளாண்ட போய்க் கேளு." எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "போம்மா. அவரு வர்றதுக்குள்ள போய்டு."

அப்போதும் போம்மா என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எண்ணிக்கை கேட்கவில்லை. காலையிலிருந்து காத்திருந்தேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் குரலும் போய்விட்டால் எனக்கு அவள் வேறு எங்கே இருக்கிறாள்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆயத் ஃபோன் செய்து கோட்டூர்புரம் நூலகத்துக்கு வரச்சொன்னாள். வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லை. இரண்டு படி கீழே உட்கார்ந்தேன்.

"அப்பாவாண்ட அம்மி சொல்லிட்சி. அவரு நம்பல" என்றாள். "செத்தவள நல்லவளாக் காட்றதுக்கு நீ கத கட்றேன்றாரு. இந்தப் பொண்ணு நம்ம மேல எரக்கப்பட்டு பழிய ஏத்துக்கினு கீதுன்றாரு."

இப்படி ஒன்று நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொய்யைச் சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள்.

"எங்களாண்ட வந்து அழுதுட்டுப் பூட்ட. ஸ்டேஷன்ல சொன்னியா? பேப்பர்ல இன்னும் எங்க அக்காதானே வண்டி ஓட்டிக்கினு கீது?" அவளுக்குப் பதினெட்டு வயது. என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பாவுக்கு பேப்பர்தான் பேசும். அவருக்குக் கவர்மென்ட் முத்திர வேணும்."

"போறேன்" என்றேன்.

"எப்போ?"

அப்பாவிடம் கேட்டு, வக்கீலிடம் கேட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். "நாளைக்கு" என்றேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பாவும் வந்தார். நான் கூப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். உள்ளே போய், "பொய் சொன்னது முதல்ல நான்" என்றார். எழுதி வாங்கிக்கொண்டார்கள். பழைய ஃபைலைத் தேடி எடுக்க வேண்டுமாம், கூப்பிடுகிறோம் என்றார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

செப்டம்பர் 12, வெள்ளி

கூப்பிட்டார்கள். எஸ்.ஐ. பெயர் தாயம்மா. அதிகம் பேசாத அம்மா. கேஸைத் திரும்ப எடுத்துக் கோர்ட்டில் சொல்ல வேண்டும், என் மேல் வழக்கு வரும், அப்பா மேலும் வரும் என்று விளக்கினார். தெரியும் என்றேன்.

பெஞ்சின் மறுமுனையில் ஷரஃபுதீன் பாய் உட்கார்ந்திருந்தார். அவரையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். தொப்பி, வெள்ளைச் சட்டை, ஜுமா தொழுகைக்குப் போகக் கிளம்பியவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

டைப் செய்த வாக்குமூலத்தை எஸ்.ஐ. அவரிடம் நீட்டினார். முத்திரை குத்தியிருந்தது. அவர் அதைத் தூரமாகப் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். "எனக்கு உருதுதான் படிக்க வரும்மா" என்றார். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "நீங்க குடுத்ததுதானே. நீங்களே படிச்சிக் காட்டுங்க."

படித்தேன். தேதி, இடம், நேரம். "மேற்படி இருசக்கர வாகனத்தை ஓட்டியது நான். பின்னால் அமர்ந்து வந்தவர் ருக்சார்."

"அந்த வரிய இன்னொரு தபா படி" என்றார்.

படித்தேன்.

"இன்னொரு தபா."

மூன்றாவது முறை எனக்குக் குரல் உடைந்தது. அவர் காத்திருந்தார். முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ருக்சார் அப்போ இன்னா பண்ணிக்கினு இருந்தா?"

அவள் போனபிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் முதன்முறையாகக் கேட்டேன்.

"எனக்கு பயமா இருந்துது. பின்னாடி உக்காந்துண்டு தைரியம் சொல்லிண்டிருந்தா."

தலையை ஆட்டினார், ரொம்ப நேரம். கடைசிப் பக்கத்தில் உருதுவில் கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. வெளியே போனார். வாசலில் ஆட்டோவை நிறுத்தும் குரல் உள்ளே கேட்டது.

"ராயப்பேட்ட கபரஸ்தான் வர்றியா?"

"இன்னா பாய், ஜுமா நேரத்துல?"

"இருபது மாசம் லேட்டு நைனா. சீக்கிரம் போ."

ஆட்டோ சத்தம் போகும்வரை நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.